மதுரையில் ஒரு வாரம் இன்டர்ன்ஷிப்: வெயிலில் லேப், வெயில் தாழ ஊர்

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் உயிரியல் லேபுக்குப் புதுமுகங்கள் வரத் தொடங்குவார்கள். பெரும்பாலும் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு முடித்தவர்கள். முதுகில் ஒரு பை, கல்லூரியிலிருந்து ஒரு கடிதம், "ஒரு வாரம்தானே, பார்த்துக்கலாம்" என்ற தைரியம். திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிளம்பிப் போவார்கள். போய்ச் சேரும்போது நடை சாத்தியிருக்கும். கொதிக்கிற கல்தரையில் இரண்டு நிமிடம் வெறுங்காலில் தாளம் போட்டுவிட்டு, தலைவலியோடு லேபுக்குத் திரும்புவார்கள். சில வருடங்களுக்கு முன்னால் பட்டுக்கோட்டையிலிருந்து வந்து இதே வேலையை நானும் செய்தவள்தான் என்பதால் யாரையும் திட்டுவதில்லை. ஆண்டுதோறும் அதே விஷயங்களை வாயால் சொல்லிச் சலித்துப் போனதால், இந்த முறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மே மாதத்து மதுரை பகலில் சுற்றிப் பார்க்கிற ஊர் இல்லை. வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். விடியற்காலை ஐந்திலிருந்து எட்டு வரையிலும், பொழுது சாய்ந்த பிறகும்தான் ஊர் நமக்கு. நடுவில் இருக்கும் நேரத்துக்கு ஏ.சி. ஓடுகிற லேபை விட நல்ல இடம் கிடையாது. வேலையா, ஊர் சுற்றலா என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. சூரியனே பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

இடம் பிடிப்பது

மேக்கு மேயில் எழுதினால் கிடைக்காது. ஜனவரியிலேயே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், பிப்ரவரி தாண்ட வேண்டாம். ஊருக்கு மேற்கே தேனி சாலையில் காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1966இல் தொடங்கியது, உயிரியல் துறைகளுக்குப் பேர்போனது. கிழக்கே ஒத்தக்கடையில், யானைமலைக்கு அடியில், வேளாண்மைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும். கண் சார்ந்த ஆய்வு என்றால் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவு. ஊருக்குள் அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், தியாகராசர் என்று பழைய கல்லூரிகளிலும் நல்ல ஆய்வகங்கள் உண்டு. எங்கே எடுப்பார்கள், எப்போது எடுப்பார்கள் என்பது ஒவ்வோர் ஆண்டும் மாறும். அதனால் துறைக்கு எழுதுவதை விட, ஒரு குறிப்பிட்ட ஆசிரியருக்கு எழுதுவதே பலன் தரும்.

கடிதத்தில் நாலு விஷயம் போதும். நீங்கள் யார், எந்த வாரம் வர முடியும், அவருடைய எந்த ஆய்வைப் படித்தீர்கள், அதில் உங்களுக்குப் புரியாதது என்ன. கடைசி விஷயம்தான் வேலை செய்யும். "தங்கள் மேலான ஆய்வுகளால் ஈர்க்கப்பட்டு" என்று தொடங்கும் கடிதங்கள் வாரத்துக்கு இருபது வரும். "உங்கள் கட்டுரையில் இரண்டாம் படத்தில் கன்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைத்த மாதிரி, ஏன் அப்படி இருக்கிறது?" என்று கேட்டு வருவது வருடத்துக்கு ஒன்றுதான். அந்தப் பிள்ளைக்கு இடம் உண்டு. இரண்டு வாரம் பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரப் பயிற்சி தரும் தனியார் இடங்களும் இருக்கின்றன. எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் தோழி ஒருத்தி அப்படி ஓரிடத்தில் காசு கட்டிவிட்டு, ஐந்து நாளும் திரையில் படம் பார்த்துவிட்டு, பளபளப்பான சான்றிதழோடு வந்தாள். பிப்பெட்டை (துளியளவு திரவத்தை அளந்து எடுக்கும் கருவி) அவள் கையில் கொடுக்கவே இல்லை. பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு பேட்ச்சில் எத்தனை பேர்? பிப்பெட் என் கையில் இருக்குமா, சொல்லித் தருபவர் கையில் மட்டும் இருக்குமா? நான் செய்தது தப்பாகப் போனால் மறுபடி செய்ய விடுவீர்களா? மூன்றாவது கேள்விக்குத் தயங்கினால் வேண்டாம்.

ஒரு வாரம் போதாது, ஆழமாகச் செய்ய வேண்டும் என்பவர்களுக்கு, நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டம் இருக்கிறது. அது இரண்டு மாதம். இந்த ஒரு வாரத்தை அதற்கான ஒத்திகையாக எடுத்துக்கொள்ளலாம்.

தங்குவதும் போய்வருவதும்

லேப் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே தங்குங்கள். கோயில் பக்கத்தில் லாட்ஜ் எடுத்துவிட்டு தினமும் பல்கலைக்கழகத்துக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் நெரிசலில் போய்வருவது முதல் இரண்டு நாள்தான் இனிக்கும். மேற்குப் பக்கம் என்றால் நாகமலைப் புதுக்கோட்டையில் பி.ஜி.யும் வீட்டு அறைகளும் கிடைக்கும். விடுதியில் இடம் தருகிறார்களா என்று முன்பே கேளுங்கள், கோடை விடுமுறையில் சில அறைகள் காலியாக இருக்கும்.

பெண் பிள்ளைகள் முதல் நாளே கேட்க வேண்டியது விடுதிக் கதவு எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்பது. பையன்கள் பத்தரை மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வரும்போது நாம் எட்டு மணிக்கே உள்ளே இருக்க வேண்டியிருக்கும். இது நியாயமா என்று கேட்டால் இல்லை. ஆனால் வார்டனிடம் எந்த நாள், யாரோடு, எத்தனை மணி வரை என்று முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் ஒரு நாளாவது அனுமதி கிடைக்கும். அந்த ஒரு நாளைப் புதன்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பேருந்து நிலையங்களில் குழம்பாதவர் யாரும் இல்லை. சென்னை, திருச்சி, தஞ்சாவூர், நெல்லைப் பக்கத்திலிருந்து வந்தால் மாட்டுத்தாவணியில் இறங்குவீர்கள். கோவை, திண்டுக்கல், தேனிப் பக்கம் என்றால் ஆரப்பாளையம். டவுன் பஸ்ஸுக்குப் பெரியார் நிலையம், அது ரயில் ஜங்ஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது, டிக்கெட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வீதிப் பெயர்களும் ஒரு பாடம். கோயிலை நடுவில் வைத்துச் சதுரத்துக்குள் சதுரமாக ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியாகக் கோட்டை மதில் இருந்த இடத்தை ஒட்டி வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் நாலு திசை. மேல மாசி வீதி என்றால் மேற்கு மாசி வீதி, கீழ மாசி என்றால் கிழக்கு. போன வருடம் வந்த ஒரு தம்பி "மேல" என்றால் மாடி என்று நினைத்துக்கொண்டு, கீழே கடைக்காரரிடம் படிக்கட்டு எங்கே என்று கேட்டிருக்கிறான். "அங்கிட்டுப் போங்க தம்பி" என்று கையைக் காட்டிவிட்டு அவர் வியாபாரத்தைப் பார்த்தாராம்.

சித்ரா பௌர்ணமி ஒட்டிய வாரமாக இருந்தால் இந்தத் திட்டம் எதுவும் செல்லாது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் பஸ் எந்த வழியாகப் போகும் என்று கண்டக்டருக்கே தெரியாது. அன்று லேபை மறந்துவிட்டுக் கூட்டத்தோடு போய்விடுங்கள். முந்தின நாளே அனுமதி கேட்டுவிட்டுத்தான்.

பையில் என்ன

கல்லூரியில் படிப்பதற்கான போனஃபைடு சான்றிதழ், துறைத் தலைவரின் கடிதம், ஆதார் நகல், நாலு பாஸ்போர்ட் போட்டோ. எல்லாவற்றிலும் ஒரு பிரதி அதிகம் வையுங்கள். லேப் கோட். விரல் மூடிய ஷூ (செருப்போடு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவோம்). பருத்தி உடை. நீளமுடி உள்ளவர்களுக்கு ரப்பர் பேண்டு. பெரிய தண்ணீர் பாட்டில். கெட்டி அட்டை போட்ட, பக்கம் பிரிந்து வராத நோட்டு ஒன்று. தனித்தாள் வேண்டாம், பென்சில் வேண்டாம். கோயிலுக்கென்று ஒரு முழு உடை. அரைக்கால் சட்டையோடு உள்ளே விட மாட்டார்கள்.

திங்கள்: தண்ணீரை எடை போடும் நாள்

காலையில் பாதுகாப்பு விதிகள், கையெழுத்து, அறிமுகம். அது போகட்டும். அதன் பிறகு நாங்கள் தரும் முதல் வேலை எல்லோருக்கும் ஏமாற்றமாக இருக்கும்: பிப்பெட்டால் தண்ணீர் எடுத்துத் தராசில் வைப்பது.

நூறு மைக்ரோலிட்டர் தண்ணீரின் எடை 0.1 கிராம். பத்து முறை எடுத்து, பத்து முறை எடை போட்டு எழுதுங்கள். முதல் சுற்றில் 0.1000 வர வேண்டிய இடத்தில் 0.1240 வரும், அடுத்தது 0.0910 வரும். காரணம் கட்டை விரலில் இருக்கிறது. பிப்பெட்டின் பொத்தானை அழுத்தும்போது முதலில் ஒரு தடை தட்டுப்படும். இன்னும் அழுத்தினால் இரண்டாவது தடை. தண்ணீரை உறிஞ்சும்போது முதல் தடை வரை மட்டும் அழுத்தி விட வேண்டும். வெளியே விடும்போதுதான் இரண்டாவது தடை வரை. புதிதாக வருகிறவர்கள் பதற்றத்தில் இரண்டாவது வரை அழுத்தி உறிஞ்சிவிடுவார்கள், அளவு கூடிவிடும். பொத்தானை டப்பென்று விட்டாலும் காற்றுக் குமிழி ஏறி அளவு குறையும். மூன்றாவது சுற்றில் பத்து எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றுபோல வரும். அந்தத் தாளை நோட்டில் ஒட்டிவையுங்கள். வாரம் முழுக்க எது தப்பினாலும் கை தப்பவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

மத்தியானம் மறுநாளுக்கான தட்டுகள், பாக்டீரியா வளர்ப்பதற்கு. அகார் கலவையை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்து (அழுத்தமான நீராவியில் கிருமி நீக்கி), கையில் பிடிக்க முடிகிற சூடு வரும் வரை ஆறவிட்டு, அப்புறம்தான் ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைக் கலக்க வேண்டும். அவசரப்பட்டுக் கொதிக்கக் கொதிக்கக் கலந்தால் மருந்து செத்துவிடும். பிறகு தட்டு முழுக்க எல்லாப் பாக்டீரியாவும் புல்தரை மாதிரி வளர்ந்து நிற்கும், எது நம்முடையது என்றே தெரியாது. இன்னொன்று: புத்தகத்தில் "அறை வெப்பநிலையில் வைக்கவும்" என்று இருந்தால் அது இருபத்தைந்து டிகிரி. ஏ.சி. இல்லாத மதுரை அறையின் மே மாத வெப்பநிலை அது இல்லை. கேட்டுவிட்டு வையுங்கள்.

சாயங்காலம் எங்கும் போக வேண்டாம். சீக்கிரம் படுங்கள்.

செவ்வாய்: விடியலில் சமணமலை

ஐந்து மணிக்கு எழுந்து கீழக்குயில்குடி போய்விடுங்கள். நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து ஆட்டோவில் சில நிமிடம். மலை அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மேலே போகப் படிகள் உண்டு. பாறையில் மகாவீரர், பாகுபலி சிற்பங்கள், அடியில் வட்டெழுத்து. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை. செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் என்ற சிற்ப இடங்கள் இரண்டையும் பாருங்கள். ஏழரைக்குள் இறங்கிவிட வேண்டும், அதன் பிறகு பாறை சுடத் தொடங்கும்.

அறிவியல் படிக்கிறவர்கள் இந்த மலைக்கு வருவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியர் இருந்தார். உடலுக்குள்ளேயே நேரம் காட்டும் உயிர்க்கடிகாரத்தை ஆராய்ந்தவர். சமணமலைக் குகை ஒன்றில் வௌவால்கள் கூட்டமாக வாழ்ந்தன. குகைக்குள் வெளிச்சமே புகாது. அப்படியானால் வெளியே பொழுது சாய்ந்தது உள்ளே இருக்கும் வௌவாலுக்கு எப்படித் தெரியும்? அவரும் அவருடைய மாணவர்களும் சில வௌவால்களைக் கூண்டில் அடைத்து அந்தக் குகைக்குள்ளேயே வைத்தார்கள். மற்ற வௌவால்கள் வழக்கம்போல மாலையில் வெளியே போய் விடிவதற்குள் திரும்பின. கூண்டில் இருந்தவையும் அதே நேரத்துக்குச் சிறகடித்தன. பிறகு கூட்டமே இல்லாத இருட்டுக் குகையில் கூண்டை வைத்துப் பார்த்தார்கள். நாளுக்கு நாள் அவற்றின் நேரம் தடம் விலகிப் போனது. கூட்டம் போகும் சத்தமும் வரும் சத்தமும்தான் அவற்றுக்கு மணி. 1978இல் வெளியான ஆய்வு இது. பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை, ஒரு மலையும் பொறுமையும்தான். அதே குழு வளாகத்தில் ஜன்னல் இல்லாத பங்கர் ஒன்றில் மனிதர்களைக் கடிகாரம் இல்லாமல் தங்கவைத்தும் பார்த்தது.

வௌவால் இருக்கும் குகைக்குள் நுழைய வேண்டாம். அவற்றுக்கும் தொந்தரவு, நமக்கும் நல்லதில்லை. மாலையில் வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

ஒன்பதுக்கு லேப். அன்று பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் (ஆம்பிசிலினைத் தாங்கும் மரபணு உள்ள சின்ன வட்ட டி.என்.ஏ.) செலுத்தும் வேலை. பனிக்கட்டியில் அரைமணி நேரம், 42 டிகிரி தண்ணீரில் 45 விநாடி, மறுபடி பனிக்கட்டி, அப்புறம் 37 டிகிரியில் ஒரு மணி நேரம், கடைசியில் தட்டில் தடவி இரவு முழுக்க இன்குபேட்டரில். அந்த 45 விநாடியைத் தவிர மற்றதெல்லாம் காத்திருப்புதான். போனை எடுக்காதீர்கள். நோட்டை எழுதும் நேரம் அதுதான். எந்தக் குழாயில் என்ன, எத்தனை மணிக்கு, எதைக் கொட்டினீர்கள் என்பது உட்பட. கொட்டியதையும் எழுதுகிற பிள்ளையைத்தான் நாங்கள் அடுத்த வருடமும் கூப்பிடுவோம்.

புதன்: ஜெல்லும் கோயிலும்

காலையில் தட்டைத் திறந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒற்றைச் செல்லிலிருந்து வந்த குடும்பம். எண்ணுங்கள், ஒன்றைத் தொட்டு எடுத்து பி.சி.ஆர். (டி.என்.ஏ. துண்டு ஒன்றைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை) போடுங்கள். இயந்திரம் 95, 55, 72 டிகிரி என்று சூட்டை ஏற்றி இறக்கி முப்பது சுற்று முடிக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதற்குள் சாப்பாடு. பிறகு அகரோஸ் ஜெல்: மின்சாரம் பாய்ச்சி டி.என்.ஏ. துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் கூழ்ப் பலகை.

இங்கே என் கதை ஒன்று. என் முதல் இன்டர்ன்ஷிப்பில், கைநடுங்க நடுங்கப் பன்னிரண்டு குழியிலும் மாதிரி நிரப்பி, வயரை மாட்டி, மின்சாரத்தைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். டி.என்.ஏ.வுக்கு எதிர்மின் சுமை. அதனால் கறுப்பு முனையிலிருந்து சிவப்பு முனைக்கு ஓடும். குழிகள் கறுப்புப் பக்கம் இருக்க வேண்டும். நான் மாற்றி மாட்டியிருந்தேன். திரும்பி வந்தபோது மாதிரியில் கலந்திருந்த நீலச் சாயம் ஜெல்லை விட்டே வெளியேறி, தொட்டித் தண்ணீரில் புகை மாதிரி கலைந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் வேலை. அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த அக்கா "ஏன்டி, டீ நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து வயர் மாட்டியதும் இரண்டு நிமிடம் நின்று, மின்முனைக் கம்பியில் குமிழி வருகிறதா, சாயம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். நீங்களும் நில்லுங்கள்.

ஜெல்லில் சாயமாக எத்திடியம் புரோமைடு போடும் லேப் என்றால், அது டி.என்.ஏ.வுக்குள்ளேயே நுழைந்துகொள்ளும் பொருள். கையுறை கட்டாயம். அந்தக் கையுறையோடு போன், கதவுப் பிடி, மூக்கு எதையும் தொடக்கூடாது. புற ஊதா விளக்கைக் கண்ணாடி மறைப்பு இல்லாமல் பார்க்கவும் கூடாது.

வேலை முடிந்து ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குள் கோயிலில் இருக்கலாம். புதன்கிழமை என்று ஏன் சொன்னேன் என்றால், அன்றைக்கு ஜெல் முடிவு கையில் வந்துவிடும், அடுத்த வேலை கல்ச்சர் போடுவதுதான் (பாக்டீரியாவைத் திரவத்தில் வளரவிடுவது), அதையும் இரவு இயந்திரம் பார்த்துக்கொள்ளும். வெள்ளி என்றால் கூட்டம். போனை உள்ளே கொண்டுபோக முடியாது, பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட்டு டோக்கனைப் பத்திரப்படுத்துங்கள். எல்லோரும் கிழக்கு வாசலில் சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள், போன் இல்லாமல் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டு ஒரு மணி நேரம் போய்விடும். கோபுரங்களில் உயரமானது தெற்குக் கோபுரம், 170 அடி. ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் இருப்பது 985 தூண்கள்தான். எண்ணிப் பார்க்கக் கிளம்ப வேண்டாம். எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் தூண்கள் நேர்க்கோட்டில் விழுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். பொற்றாமரைக் குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அனுமதி வாங்கியிருந்தால் ஒன்பது மணிக்கு மேல் பள்ளியறை பூஜை வரை இருங்கள். சொக்கநாதரைப் பல்லக்கில் அம்மன் சன்னிதிக்கு எழுந்தருளச் செய்வார்கள். மேளம், சாமரம், சாம்பிராணிப் புகை. பகல் கூட்டத்தில் பார்க்கிற கோயில் வேறு, இது வேறு.

அனுமதி கிடைக்காதவர்கள் வருத்தப்பட வேண்டாம். வியாழன் விடியலில் ஐந்து மணிக்கு நடை திறக்கும்போது போங்கள். கல்தரை குளிர்ந்திருக்கும்.

வியாழன்: கையெழுத்து கேட்கும் நாள்

இரவு வளர்ந்த கல்ச்சரிலிருந்து பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுக்கும் வேலை. கிட் இருந்தால் மத்தியானத்துக்குள் முடியும். இன்று இதைவிட முக்கியமான வேலை சான்றிதழ். எல்லோரும் வெள்ளி மாலை ஐந்து மணிக்குக் கேட்பார்கள். துறைத் தலைவர் அப்போது கிளம்பியிருப்பார், முத்திரை வைத்திருப்பவர் விடுப்பில் இருப்பார். வியாழன் காலையிலேயே பெயர், பதிவு எண், தேதிகள் சரியாக அடித்த வரைவை எழுத்தரிடம் கொடுத்துவிடுங்கள். அவரிடம் "சார்" போட்டுப் பேசுங்கள். லேபில் யாருக்கு மரியாதை கொடுக்க மறந்தாலும் அவருக்கு மறக்காதீர்கள்.

மாலை வண்டியூர் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டியது. தன் அரண்மனையான மஹால் கட்ட மண் எடுத்த பள்ளம் என்பார்கள். நடுவில் மைய மண்டபம், சுற்றிலும் படிக்கட்டில் குடும்பம் குடும்பமாகக் காற்று வாங்கும் கூட்டம், அவித்த கடலை, பானிபூரி. பருத்திப்பால் வண்டி கண்ணில் பட்டால் விடாதீர்கள். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, அரிசி மாவு, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் போட்டுக் காய்ச்சியது. மேலே தேங்காய்த் துருவல். சூடாகத்தான் தருவார்கள், இந்த வெயிலில் சூடா என்று முகம் சுளிக்காமல் ஒரு டம்ளர் குடித்துப் பாருங்கள்.

வெள்ளி: ஐந்து ஸ்லைடு

பேச்சு பத்து நிமிடம். ஐந்து ஸ்லைடுக்கு மேல் போட வேண்டாம்: கேள்வி, செய்த முறை, ஜெல் படம், சரியாக வராதது, இன்னும் ஒரு வாரம் கிடைத்தால் என்ன செய்வேன். ஜெல் படத்தில் எந்தக் கோடு எந்த மாதிரி என்று எழுதியிருக்க வேண்டும். தமிழில் பேசலாமா என்று கேளுங்கள், பல லேபில் தாராளமாக விடுவார்கள். பாடப்புத்தக விளக்கத்தைக் கேட்க யாரும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை.

சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து விளக்குத்தூண் போங்கள். கோட்டை மதிலை இடித்து ஊரை விரித்த பிளாக்பர்ன் கலெக்டர் நினைவாக வைத்த தூண் அது. அங்கே ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். பிசினை ஸ்பூனால் கிளறாமல் குடித்தால் கடைசியில் எல்லாம் அடியில் தங்கிவிடும். இரவு உணவுக்குக் கறிதோசை. வயிறு ஒத்துக்கொள்ளுமா என்று பயப்படுகிறவர்கள் தெருவோர இட்லி அக்காக்களிடம் போகலாம். ஆவி பறக்கும் இட்லி, நாலு வகைச் சட்னி, பதினோரு மணிக்கும் கிடைக்கும். தூங்கா நகரம் என்று சும்மா சொல்லவில்லை.

சனியும் ஞாயிறும்

சனி காலை கீழடி. மானாமதுரை சாலையில், சிலைமான் தாண்டி, சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். சிவகங்கை மாவட்டம் என்றாலும் மதுரையிலிருந்து போவதே சுலபம். அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தார்கள், செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தூணுமாக இருக்கும். பானை ஓட்டில் கீறிய தமிழி எழுத்து, தந்தத் தாயக்கட்டை, உறைகிணறு எல்லாம் உண்டு. மாணவர்கள் நின்று படிக்க வேண்டியது காலக்கணிப்பு. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டைக் கார்பன் முறையில் சோதித்து, கி.மு. 580 என்று 2019இல் வெளியிட்டார்கள். கார்பன் 14இன் அரை ஆயுள் 5730 ஆண்டு என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்த எண்ணுக்கு இங்கே ஒரு கிணறும் ஒரு தெருவும் கிடைக்கின்றன.

மத்தியானம் வெயிலுக்கு ஒதுங்கத் திருமலை நாயக்கர் மஹால். 1636இல் கட்டியது. வெண்தூண்களின் வழவழப்பு சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பூச்சால் வந்தது. புரதமும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று வேதியியல் பிள்ளைகள் யோசித்துக்கொண்டே நடக்கலாம். பேர் எழுதிக் கிறுக்கியவர்களின் கைவண்ணமும் அதே தூண்களில் இருக்கிறது, நீங்கள் சேர்க்க வேண்டாம். நேரம் இருந்தால் தமுக்கம் பக்கம் காந்தி அருங்காட்சியகம். ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959இல் தொடங்கியது. காந்தி சட்டையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறியது 1921 செப்டம்பரில் இந்த ஊரில்தான். அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த இரத்தக் கறை படிந்த துணி இங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. அந்த அறையில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

ஞாயிறு விடியலில் தெம்பு இருந்தால் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. லகர் வல்லூறு போன்ற அரிய வேட்டைப் பறவைகள் அங்கே உண்டு. கூடவே சமணர் படுக்கை, தமிழி கல்வெட்டு, குடைவரைக் கோயில். டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து ஊர் நின்று, 2025இல் ஏலம் ரத்தான கதையை டீக்கடையில் கேட்டால் நன்றாகச் சொல்வார்கள். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். தண்ணீர் இரண்டு பாட்டில்.

மலை ஏறத் தெம்பு இல்லாதவர்கள் மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போங்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி கோடையில்தான் குவியும், விலையும் இறங்கியிருக்கும். பறிப்பது விடியற்காலையில், மொட்டாக. மலர்வது அன்று பொழுது சாய்ந்த பிறகு. சமணமலை வௌவாலைப் போல இதற்கும் ஒரு கடிகாரம் உண்டு. மணத்தில் லினலூலும் பென்சைல் அசிடேட்டும் இருக்கின்றன என்று ஆர்கானிக் கெமிஸ்ட்ரி புத்தகம் சொல்லும். ஊருக்கு வாங்கிப் போவதென்றால் கட்டிய சரத்தை வாங்காதீர்கள், உதிரி மொட்டு வாங்குங்கள். வெள்ளை வெளேரென்று, இன்னும் விரியாமல், காம்பு பச்சையாக இருக்க வேண்டும். "சாயங்கால வண்டிக்குப் போறேன்ண்ணே" என்று சொன்னால் வாழை இலையில் சுற்றி நாரால் கட்டித் தருவார். பொட்டலத்தை வெயில் படாமல், மேலே ஈரத்துணி போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டால் வெந்துவிடும். ஏழு மணிக்கு வண்டி திண்டுக்கல் தாண்டும்போது பொட்டலத்தைக் கொஞ்சம் பிரித்து வைத்தால், எதிர் சீட்டுப் பாட்டி முதலில் கேட்பார், எந்த ஊர்ப் பூ என்று.